பறவை நடை பெரிதாகிவிட்டதா? வெளியாரிடம் ஆலோசனை கேட்க ஒரு முழு வழிகாட்டி

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் கூடி, இருக்கிற இரண்டு பைனாகுலரில் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பறவைகளைப் பார்த்து, ஒன்பது மணிக்கு டீக்கடையில் கலைகிற வரை யாருக்கும் எந்த ஆலோசனையும் தேவைப்படாது. அந்தப் பத்துப் பேர் எழுபது, எண்பது ஆகும்போதுதான் தலைவலி ஆரம்பம். பள்ளிக்கூடத்திலிருந்து "எங்கள் பிள்ளைகள் அறுபது பேரை அனுப்பலாமா?" என்று போன் வரும். பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் பெயரிலேயே அங்கேயும் நடத்துகிறோம் என்பார்கள். ஏரிக்கு எதிரே மனை விற்கிற ஒருவர் எல்லோருக்கும் தொப்பி வாங்கித் தருகிறேன், தொப்பியில் எங்கள் பெயர் மட்டும் இருக்கட்டும் என்பார். வாட்ஸ்அப் குழு நிரம்பி இரண்டாவது குழு தொடங்கியிருப்பீர்கள். இரண்டுக்கும் அட்மின் ஒரே ஆள், அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் "ஒரு ஆலோசனைக் குழு போட்டுவிடலாமே" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் நடப்பது என்ன? ஓய்வுபெற்ற அதிகாரி, கல்லூரி முதல்வர், ஊர்ப் பிரமுகர் என்று பெயர்களை லெட்டர்பேடின் இடப்பக்கம் வரிசையாக அச்சடித்து, ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தி, அதோடு சரி. அடுத்த ஆண்டுவிழா வரை அவர்களிடம் ஒரு கேள்விகூடப் போகாது. அவர்கள்மேல் தப்பில்லை, யாரும் கேட்கவில்லை என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசையில்தான் போகும்: கேள்வி முதலில், ஆள் அப்புறம். பறவை நடை நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மரம் நடுகிறவர்கள், வாரம்தோறும் கதை சொல்கிறவர்கள், கடற்கரை சுத்தம் செய்கிறவர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது தொடங்குவது?

ஜூன், ஜூலை. வலசைப் பறவைகள் இல்லாத காலம், நடைக்கு வருகிற கூட்டமும் குறைவாக இருக்கும், உங்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அக்டோபரில் பருவம் சூடுபிடித்த பிறகு ஆலோசனை கேட்டால் அதைச் செயல்படுத்த ஆளும் இருக்காது, நேரமும் இருக்காது. பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் பெரிய அளவில் திட்டமிடுகிறவர்கள், செப்டம்பர் முடிவதற்குள் முக்கிய முடிவுகளை எடுத்துவிடுவது நல்லது.

படி 1: கேள்விகளை எழுதி, மூன்றாகப் பிரியுங்கள்

குழுவில் நிரந்தரமாக வேலை செய்கிற எல்லோரும் தனித்தனியாக, காகிதத்தில், தங்களுக்குக் கவலை தருகிற விஷயங்களை எழுதட்டும். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். முதல் ஆள் ஒன்று போட்டால் மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காகிதத்தில் எழுதச் சொன்னால்தான் "போன மாதம் ஒரு பையன் சேற்றில் இறங்கினான், யாருமே பார்க்கவில்லை" போன்றவை வெளியே வரும்.

வந்ததை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், நீங்களே தீர்க்க வேண்டியவை. டீச் செலவு யாருடையது, ஐந்தரைக்கு யார் வந்து நிற்பது, ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லையே என்ன செய்வது. இவற்றை வெளியாரிடம் கொண்டுபோனால் பஞ்சாயத்து ஆகிவிடும்.

இரண்டாவது, விசாரித்தாலே விடை கிடைப்பவை. "ஏரி யாருடையது, யாரிடம் அனுமதி?" என்பது இந்த வகை. தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர் ஆயக்கட்டும் (பாசனம் பெறும் நிலம்) அதற்கு மேலும் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதைவிடச் சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். சரணாலயம் என்றால் வனத்துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு முறை நேரில் போய்க் கேட்டால் முடிந்துவிடும். இதற்கு ஒரு பேராசிரியரின் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது குவியல்தான் வெளியே போக வேண்டியது. விதிப்புத்தகத்தில் விடை இல்லாத, அனுபவப்பட்டவர் மட்டுமே சொல்லக்கூடிய கேள்விகள். எழுபது பேர் ஒரே கரையில் நடப்பது கூடு கட்டியிருக்கும் பறவைகளைப் பாதிக்கிறதா? பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா, எத்தனை பேராகப் பிரிப்பது? அமைப்பாகப் பதிவு செய்ய வேண்டிய கட்டம் வந்துவிட்டதா? அடுத்த ஊரில் நம் பெயரில் நடப்பதற்கு யார் பொறுப்பு?

இந்தக் குவியலில் மூன்று நான்கு கேள்விகளுக்கு மேல் இருந்தால் இந்த வருடத்துக்கு எது அவசரமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று தயார் செய்யுங்கள். எப்போது தொடங்கினோம், எங்கே, எத்தனை பேர் வருகிறார்கள், அதில் சிறுவர்கள் எத்தனை, நடத்துகிறவர்கள் எத்தனை, வரவு செலவு என்ன, இதுவரை நடந்த விபத்துகளும் நூலிழையில் தப்பியவையும், பிறகு கேள்விகள். ஒரே பக்கம். நீங்கள் பார்த்த பறவைகளின் பட்டியல் இதில் வேண்டாம், அதைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும், தெரியும்.

படி 2: யாரைக் கேட்பது

பறவை நடைக்காரர்கள் வழக்கமாகப் போவது இன்னொரு பறவை ஆர்வலரிடம். அவரும் வேண்டும்தான். சென்னையில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கை ஆர்வலர்கள் சங்கம் போன்ற பழைய அமைப்புகளிலும், கோவையில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையத்திலும், கல்லூரி விலங்கியல் துறைகளிலும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். ஆனால் உங்கள் கேள்விகளை மறுபடி பாருங்கள், பாதிக்கு மேல் பறவையைப் பற்றியே இருக்காது. கூட்டம், பிள்ளைகள், பணம், பெயர் இவற்றைப் பற்றித்தான் இருக்கும்.

அதனால் முதலில் தேட வேண்டியது, தன்னார்வலர்களை வைத்துப் பல வருடம் ஒரு நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டு போனவரை. அவர் வேறு துறையாக இருந்தாலும் பரவாயில்லை. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆமை முட்டையிடும் பருவத்தில் வார இறுதி நாட்களில் பொதுமக்களையும் கூட அழைத்துப் போகிறார்கள். இருட்டில், மணலில், முன்பின் தெரியாதவர்களை நடத்திப் பழகியவர்களிடம் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது பற்றிக் கற்க ஏராளம் உண்டு. உங்கள் ஊரில் மாரத்தான் நடத்துகிற ஓட்டக் குழு இருந்தால் அவர்களும் அப்படித்தான். ஊர்த் திருவிழாவில் வருடா வருடம் அன்னதானப் பந்தியைக் கவனிக்கிற பெரியவரையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன், ஆள் நெரிசல் எங்கே ஏற்படும் என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

இரண்டாவது, ஏரிக்காரர்கள். நாம் வாரத்தில் மூன்று மணி நேரம் ஏரியில் இருக்கிறோம், அவர்கள் பிறந்ததிலிருந்து இருக்கிறார்கள். மடை திறக்கிற நீர்க்கட்டி (தென் மாவட்டம் என்றால் நீர்ப்பாய்ச்சி), மீன் குத்தகை எடுத்தவர், கரையில் மாடு மேய்க்கிற அம்மா. இவர்களை "உள்ளூர் மக்களுக்கு விழிப்புணர்வு" என்ற தலைப்பில் போட்டு நாம் பாடம் எடுக்கப் போகிறோமே தவிர, அவர்களிடம் யோசனை கேட்பது அபூர்வம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதே இல்லை. எந்த ஆலோசனைக் குழுவும் சொல்லிக்கொடுத்ததல்ல அது. உங்கள் ஏரியில் எந்த மாதம் எந்தத் திட்டில் முட்டை இருக்கும், எந்தப் பக்கம் கரை இற்றுப்போயிருக்கிறது, எங்கே பாம்பு அதிகம் என்று சொல்ல இவர்களைவிட்டால் ஆளில்லை.

மூன்றாவது, குழந்தைகள் பாதுகாப்பு தெரிந்தவர். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வருகிறார்கள் என்றால் இது விருப்பப் பாடம் இல்லை. பள்ளி ஆலோசகர், குழந்தைகள் நலனில் வேலை செய்பவர், அனுபவமுள்ள ஆசிரியர், யாராவது ஒருவர் வேண்டும். தனியாக ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு இருக்கக்கூடாது, படம் எடுத்துப் போடுவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளைகளின் போன் எண்ணை வழிகாட்டிகள் தனிப்பட்ட முறையில் வாங்கக்கூடாது போன்ற விதிகளை உங்கள் நடைக்குப் பொருந்தும்படி எழுதித் தர அவரால் முடியும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் புகார் தருவது எல்லோருக்கும் கடமை, "நாங்கள் வெறும் தன்னார்வலர்கள்" என்பது விலக்கு ஆகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லா வழிகாட்டிகளும் போனில் பதிந்து வைத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குள்ளும் புகார் வரலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காமல் தன்னார்வமாக வேலை செய்கிறவரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உங்கள் குழுவுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், பிரச்சினை வருவதற்கு முன்பே கேளுங்கள்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு டாக்டர் அல்லது நர்ஸ்: எந்த அரசு மருத்துவமனையில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கிறது, 108 வண்டி கரையில் எந்த இடம் வரை வர முடியும், கடிபட்ட இடத்தைக் கீறுவது இறுக்கிக் கட்டுவது போன்ற வேலைகளை ஏன் செய்யக்கூடாது என்பதையெல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். ஒரு ஆடிட்டர்: பணம் புழங்க ஆரம்பித்த நாளிலிருந்து. அவ்வளவுதான்.

ஒருத்தரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார் என்று நினைக்காதீர்கள். அப்படிச் சொல்கிறவர் கிடைத்தால் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

படி 3: கேட்கிற கடிதம்

"உங்கள் மேலான ஆலோசனைகளை எதிர்நோக்குகிறோம்" என்று எழுதினால் "வாழ்த்துகள்" என்று பதில் வரும். என்ன வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது முடியும் என்பதைச் சொன்னால்தான் அவர்களுக்கு ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியும். இப்படி எழுதலாம்:

"வணக்கம் ஐயா. எங்கள் ஊர் பெரிய ஏரியில் சில வருடங்களாக ஞாயிறு காலைப் பறவை நடை நடத்துகிறோம். கட்டணம் கிடையாது, நடத்துகிற எல்லோரும் தன்னார்வலர்கள். இப்போது எழுபது பேர் வரை வருகிறார்கள், பாதிப் பேர் சிறுவர்கள். ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை தேவை: இவ்வளவு பேர் ஒரே கரையில் நடப்பது நாரை, கொக்குக் கூடுகளுக்குத் தொந்தரவா, ஆமென்றால் எப்படி மாற்றுவது? ஒரு ஞாயிறு எங்களோடு நடந்து பார்த்துவிட்டு, அன்றே ஒன்றரை மணி நேரம் பேசினால் போதும். வந்துபோகும் செலவு எங்களுடையது. நீங்களாகச் சொல்லாமல் உங்கள் பெயரை எங்கேயும் போட மாட்டோம். நேரமில்லை என்றால் இது தெரிந்த வேறு யாரையாவது சொன்னாலும் பெரிய உதவி. ஒரு பக்கக் குறிப்பை இணைத்திருக்கிறேன்."

கடைசிக்கு முந்தைய வரி முக்கியம். மறுப்பவர்களில் பலர் இன்னொருவரின் பெயரைச் சொல்வார்கள், அந்த இன்னொருவர்தான் பெரும்பாலும் சரியான ஆளாக இருப்பார். நீர்க்கட்டிக்கும் மீன்காரருக்கும் கடிதம் வேண்டாம், சாயங்காலம் போய் உட்கார்ந்து பேசுங்கள். குழுவில் அந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால் அவரே "என்ன மாமா, எங்க கூட்டம் வந்து போறதுல உங்களுக்கு ஏதும் இடைஞ்சலா?" என்று ஆரம்பிக்கட்டும்.

படி 4: முதலில் நடக்க விடுங்கள்

அறையில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதை வைத்து அவர்கள் யோசனை சொன்னால், உங்களுக்குத் தெரிந்த சிக்கலுக்கு மட்டும்தான் யோசனை கிடைக்கும். ஒரு நடைக்கு வரச் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினராக வேண்டாம். மைக் கொடுக்காதீர்கள், துண்டு போடாதீர்கள், பிள்ளைகளிடம் "நான்கு வார்த்தை" பேசச் சொல்லாதீர்கள். கூட்டத்தில் ஒருவராகப் பின்னால் நடக்கட்டும்.

பின்னால் நடக்கிறவருக்கு, முன்னால் நின்று பறவையைக் காட்டுகிற உங்களுக்குத் தெரியாதவை தெரியும். தொடங்கும்போது தலையை எண்ணினீர்கள், முடிக்கும்போது எண்ணவில்லை. கடைசி ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது, வரிசை கால் கிலோமீட்டர் நீண்டுவிட்டது. நடுவில் ஒரு இளைஞர் போனில் பறவையின் குரலை ஓடவிட்டு அதை வெளியே வரவழைக்கப் பார்க்கிறார், சுற்றி நிற்கிற பிள்ளைகள் அதுதான் வழி போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேமராக்காரர் ஒருவர் கரையை விட்டுக் கீழே இறங்கி வறண்ட தரையில் நடக்கிறார், தலைக்கு மேல் ஆட்காட்டிப் பறவை ஒன்று கத்திக்கொண்டே சுற்றுகிறது. கோடையில் அது அப்படிக் கத்தினால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். கூடு என்று ஒன்றும் கட்டாது, சரளைக்கல் நடுவே கல்லைப் போலவே புள்ளி போட்ட முட்டை, காலுக்குக் கீழே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு நீங்கள் அதை "பாருங்கள், செம்மூக்கு ஆட்காட்டி!" என்று உற்சாகமாகக் காட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த நடை ஒன்றே உங்கள் கேள்விகளை மாற்றிவிடக்கூடும். மாறட்டும்.

படி 5: உட்கார்ந்து பேசுவது

நடை முடிந்து, சாப்பிட்ட கையோடு, ஒன்றரை மணி நேரம். உங்கள் தரப்பில் நான்கைந்து பேர் போதும், அதில் ஒருவர் எழுத மட்டும். நிறுவனர் பேசுவதைக் குறைக்க வேண்டும், முடிந்தால் கூட்டத்தை வேறொருவர் நடத்தட்டும்.

அவர்கள் ஏதாவது சொன்னவுடன் "அதை நாங்கள் ஏற்கெனவே முயற்சி செய்தோம் சார், சரிவரவில்லை" என்று சொல்லத் தோன்றும். வாயை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு முறை அப்படிச் சொல்லிவிட்டால் மூன்றாவது முறை அவர் "நன்றாகத்தான் செய்கிறீர்கள், தொடருங்கள்" என்று முடித்துவிடுவார். மரியாதைக்காரர்கள் நம் ஊரில் அதிகம், இடித்துச் சொல்ல வைப்பதற்கு நாம்தான் இடம்கொடுக்க வேண்டும். "எங்கள் நடையில் எதை முதலில் நிறுத்துவீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். "உங்கள் நிகழ்ச்சி எந்தக் கட்டத்தில் ஆட்டம் கண்டது, அப்போது யார் விலகினார்கள்?" என்று கேட்டால் இன்னும் நன்றாக வரும். "எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

படி 6: ஆளுக்கு ஒன்று சொன்னால்?

சொல்வார்கள். பதிவு செய்யும் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆடிட்டர் "உடனே ஒரு டிரஸ்ட் போடுங்கள்" என்பார். முப்பது வருடம் பறவை பார்த்தவர் "பதிவு செய்த அன்றைக்கே பதவிச் சண்டை ஆரம்பிக்கும், வேண்டாம்" என்பார். இரண்டு பேரும் அவரவர் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆடிட்டர் பார்த்தது கணக்கில்லாமல் மாட்டிக்கொண்டவர்களை, மற்றவர் பார்த்தது உடைந்துபோன சங்கங்களை. யார் சொல்வது சரி என்று அலசுவதைவிட, எந்த நிலைமையில் எது சரி என்று இருவரிடமும் திரும்பக் கேளுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை என் கணக்கு இது. நடைக்குக் கட்டணம் இல்லை, டீக்காசு அவரவர் கையிலிருந்து என்றால் பதிவு தேவையே இல்லை. யாரோ ஒருவரின் சொந்த ஜிபேக்குத் தொடர்ந்து நன்கொடை வருகிறது என்றால் அந்த ஒருவரைக் காப்பாற்றுவதற்காகவாவது யோசிக்க வேண்டும், அது அவருடைய வருமானமாகத் தெரியும். சங்கமாகப் பதிவு செய்ய, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை, பதிவாளருக்குக் கணக்கு என்று வேலை உண்டு, ஆனால் நிர்வாகிகளைத் தேர்தலில் மாற்றலாம். டிரஸ்ட் போடுவது சுலபம், முதலில் உட்கார்ந்தவர்களை எழுப்புவதுதான் கஷ்டம். தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருக்கிற நிகழ்ச்சிக்கு நான் சங்கத்தின் பக்கம்தான் சாய்வேன்.

நிறுவனம் ஒன்று "சிஎஸ்ஆர், அதாவது எங்கள் சமூகப் பொறுப்புப் பணம் தருகிறோம்" என்று வந்தால் மகிழ்ச்சியில் குதிப்பதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள். அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்கிற தனி அமைப்பு பதிவு பெற்றதாக, 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் இரண்டும் கொண்டதாக, இதே போன்ற வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் உள்ளதாக இருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கவும் வேண்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பணம் வராது. வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்தில் வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் வரும், அதற்கு மத்திய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பைனாகுலர் வாங்க ஆசைப்பட்டு இதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 7: முடிவும் பதிலும்

ஆலோசனை வந்த இரண்டு வாரத்துக்குள் குழு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்கிறோம், தள்ளிவைக்கிறோம், ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். ஏற்றதற்கு யார், எந்தத் தேதிக்குள். ஏற்காததற்குக் காரணம் ஒரு வரி. உதாரணமாக: "இருபது பேராகப் பிரித்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் நடப்பது: ஏற்கிறோம், செப்டம்பர் முதல் ஞாயிறு. குரல் ஒலிக்கவிடுவதைத் தடைசெய்வது: ஏற்கிறோம், இந்த வாரமே. கூடுகளின் படத்தை இடத்தோடு இன்ஸ்டாகிராமில் போடுவதை நிறுத்துவது: ஏற்கிறோம். முன்பதிவு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவது: ஏற்கவில்லை, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் போன் இல்லாமல் வருகிறார்கள்."

இதை அப்படியே ஆலோசனை சொன்னவருக்கு அனுப்புங்கள். ஏற்காததையும் சேர்த்து. தான் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரியாமல் போனால்தான் அடுத்த முறை அவருக்கு நேரம் இருக்காது. முடிவு உங்களுடையது என்பதும் இதில் சத்தமில்லாமல் பதிவாகிவிடும்.

படி 8: நிரந்தரக் குழு வேண்டுமா?

முதல் வருடம் வேண்டாம். கேள்விக்கு ஒரு ஆள் என்று ஓட்டுங்கள். வருடக் கடைசியில் யாருடைய யோசனை திரும்பத் திரும்பத் தேவைப்பட்டது என்று தெரிந்துவிடும். அவர்களில் மூன்று முதல் ஐந்து பேரை, இரண்டு வருடத்துக்கு மட்டும், வருடத்துக்கு இரண்டு கூட்டம் என்று கேளுங்கள். காலம் முடிந்தால் தானாக விலகுவது என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால், பெரியவர்களை "போதும்" என்று சொல்லி அனுப்புகிற சங்கடம் வராது. ஓட்டுரிமை கிடையாது, பணத்தில் கை கிடையாது, கணக்கைப் பார்க்க மட்டும் உரிமை உண்டு. ஏரிக்காரர் ஒருவருக்கு அதில் இடம் இருக்கட்டும், கூட்டத்தை அவருக்கு வேலை இல்லாத நேரத்தில், அவர் ஊரில் வையுங்கள்.

யாருக்கு என்ன ஆதாயம் என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். காசு வாங்கிக் காட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறவர் நல்ல ஆலோசகராக இருக்கலாம், ஆனால் உங்கள் குழுவின் எண்கள் அவர் வாடிக்கையாளர் பட்டியல் ஆகிவிடக்கூடாது. பைனாகுலர் விற்கிறவர், எந்த பைனாகுலர் வாங்கலாம் என்ற பேச்சில் இருக்கக்கூடாது. ஏரியைச் சுற்றி மனை வைத்திருக்கிற தொப்பிக்காரர் விஷயத்தில் நான் கறார்: ஆலோசகராகவும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம். நாளைக்கு ஏரி ஆக்கிரமிப்பு என்று ஒரு மனு போட வேண்டி வந்தால் எல்லோர் தலையிலும் அவர் பெயர் இருக்கும். கவுன்சிலர், கட்சிக்காரர்களை நடைக்கு வரவேற்கலாம், எல்லாக் கட்சிக்காரர்களையும். பேனரில் வேண்டாம்.

படி 9: அடுத்த ஊர்

பக்கத்து ஊர்க்காரர்கள் உங்கள் பெயரைக் கேட்கும்போது ஆலோசகர்களிடம் கொண்டுபோக வேண்டிய கேள்வி "கொடுக்கலாமா?" என்பது மட்டுமில்லை, "எதை விட்டுக்கொடுக்கக்கூடாது?" என்பதும்தான். இரண்டு மாதிரிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். லண்டனில் 2004இல் ஒரு பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன், இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், ஆனால் இலவசம், ஐந்து கிலோமீட்டர், வாரம் தவறாமல் என்ற அடிப்படையை யாரும் மாற்ற முடியாது. இன்னொரு பக்கம், 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. யாரும் யாரிடமும் பெயர் வாங்க வேண்டாம், அவரவர் வீட்டு மொட்டைமாடியிலோ கண்மாயிலோ பதினைந்து நிமிடமாவது நின்று எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கிற இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் அவரும் அதில் ஒருவர். முதல் மாதிரிக்கு மையத்தில் வேலை அதிகம், பெயர் பத்திரமாக இருக்கும். இரண்டாவதில் மையத்துக்கு வேலை குறைவு, சிறுவர்களைக் கூட்டமாக அழைத்துப் போகும்போது அது போதாது.

என்னைக் கேட்டால், புது ஊர்க்காரர்கள் மூன்று மாதம் உங்கள் நடையில் வழிகாட்டியாக நடந்த பிறகு, குழந்தைகள் பாதுகாப்பு விதிகளுக்கும் கூடு பற்றிய விதிகளுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொந்தப் பெயரில் தொடங்கட்டும். உங்கள் பெயர் எதற்கு? அவர்கள் ஏரிக்கு ஒரு பெயர் இருக்குமே.

செலவு

ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், ஆலோசகர் வந்துபோவது இலவசம் இல்லை. பஸ்ஸோ ரயிலோ ஆட்டோவோ, செலவைக் கேட்காமலே கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சால்வைக்கும் கேடயத்துக்கும் ஆகிற பணத்தில் இது தாராளமாக வரும். நீர்க்கட்டியோ மீன்காரரோ கூட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார் என்றால் அந்த நாள் கூலியைக் கொடுங்கள், பேராசிரியருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும், இவருக்கு வராது. ஆடிட்டர், வழக்கறிஞர் இரண்டு பேரிடமும் முதல் பேச்சுக்குப் பிறகு கட்டணம் எவ்வளவு என்று நேரடியாகக் கேளுங்கள். சேவையாகச் செய்கிறேன் என்றால் சரி, ஆனால் மார்ச் மாதக் கெடுவுக்குள் கணக்கு போட்டாக வேண்டிய வேலையை மட்டும் காசு கொடுத்தே செய்யுங்கள். இலவச வேலை மார்ச்சில் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.